அணைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு டிசைன் அறையில் இருந்தவர்கள்:

பட்டறை முதலாளி. எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன்.

அவருடைய தங்கை. எங்களுக்கு அக்கா. அவருக்கு மட்டும், நாற்பத்திரண்டு வயதிலும், பாப்பா.

பிளாஸ்டர் வார்ப்பு வேலை பார்க்கும் சுண்ணாம்பு. சொந்தப் பெயர் ஒன்று உண்டு. முழங்கை வரை எப்போதும் வெள்ளையாக இருப்பதால் அது யாருக்கும் தேவைப்படவில்லை.

நர்ஸம்மா. இடது காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

நான். இரவுக் காவல் முடித்து வீட்டுக்குக் கிளம்ப வேண்டியவன்.

கடைசியாகப் பெரியம்மா. பெரியம்மா என்பது கம்ப்யூட்டர்.

நாங்கள் செயற்கைக் கால் செய்கிறவர்கள். அதில் கஷ்டமான பாகம் சாக்கெட். வெட்டுப்பட்டு மிச்சமிருக்கும் கால் போய் உட்காரும் கிண்ணம் அது. ஒரு நூல் இறுகினால் தோல் உரியும். ஒரு நூல் தளர்ந்தால் ஆள் விழுவார். ஒன்பது வருடத்துக்கு முன் அண்ணன் ஒரு ஸ்கேனரும், நுரைக் கட்டையைச் செதுக்கும் மெஷினும், இரண்டையும் ஓட்டுகிற மென்பொருளும் வாங்கினார். மென்பொருள் ஒரு அட்டைப் பெட்டியில் வந்தது. உள்ளே ஒரு சி.டி., ஒரு கையேடு, கெட்டிக் காகிதத்தில் 'ஆயுள் உரிமம்' என்று அச்சிட்ட சான்றிதழ். அதற்காக அவர் வீடு கட்ட வைத்திருந்த மனையை விற்றார்.

ஐந்து வருடம் கழித்து அந்தக் கம்பெனி பெட்டி விற்பதை நிறுத்தியது. இனி மாதச் சந்தா மட்டும்தான். பெட்டியில் வந்த மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கம்பெனியின் சர்வரிடம் அனுமதி கேட்கும். அந்த சர்வரை மூடப்போவதாகக் கடிதம் வந்தது. மூடிவிட்டால் பதில் வராது, பதில் வராவிட்டால் திறக்காது. ஆனால் ஏற்கெனவே திறந்திருந்தால் அது யாரையும் எதையும் கேட்காது. இதைக் கண்டுபிடித்தவர் அக்காதான். சர்வர் மூடுவதற்கு முந்தைய நாள் மென்பொருளைத் திறந்து வைத்தார்கள். அதற்குப் பிறகு கம்ப்யூட்டரை அணைக்கவில்லை.

அணைக்கவில்லை என்றால் ஒரு நொடிகூட இல்லை. இரண்டு யூ.பி.எஸ்., தனி ஒயர், கீழே ஒரு ஜெனரேட்டர். சாப்பிடப் போகும்போதும் ஒருவர் அறையில் இருக்க வேண்டும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியம்மாவைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியுமா என்று சுண்ணாம்பு ஒருநாள் அலுத்துக்கொண்டார். பெயர் ஒட்டிக்கொண்டது. வெளியே போகிறவர்கள் "பெரியம்மாகிட்ட யாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார்கள்.

ராத்திரிக்கு நான். கரண்ட் போனால் யூ.பி.எஸ். கத்தும், ஒன்றரை மணி நேரம் தாங்கும், அதற்குள் கீழே போய் ஜெனரேட்டரைப் போட வேண்டும். வேலை அவ்வளவுதான். இன்ஜினியரிங்கைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவனுக்குத் தோதான வேலை. சுண்ணாம்பு என்னை 'அரை இன்ஜினியர்' என்பார். அதில் தப்பு இல்லை என்பதால் நானும் கோபப்பட்டதில்லை.

சந்தா கட்டிவிட்டால் இத்தனை கூத்தும் வேண்டாம். ஆனால் அந்தப் பேச்சை எடுத்தாலே அண்ணனுக்கு முகம் இறுகிவிடும். விலை கொடுத்து வாங்கின பொருளுக்கு எவனுக்கும் வாடகை தரமாட்டேன், அந்த நிலை வந்தால் அன்றைக்கே பட்டறையைப் பூட்டிவிட்டுப் போய்விடுவேன் என்பார். சும்மா சொல்கிற ஆள் இல்லை. இனி வரமாட்டேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டு, சொந்த மாமனார் வீட்டுக்கு ஏழு வருடம் போகாமல் இருந்தவர்.

இனி நர்ஸம்மா. ஞாயிற்றுக்கிழமை வார்டில் நோயாளியைத் தூக்கிப் படுக்கவைக்கும்போது அவருடைய சாக்கெட் பின்பக்கம் விரிந்துவிட்டது. பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு இரண்டு நாள் டியூட்டி பார்த்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மருத்துவக் குழு அவரைப் பார்க்கிறது. வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, கைத்தடி இல்லாமல், போய்த் திரும்பி வர வேண்டும். முடியாவிட்டால் கட்டாய ஓய்வு. பென்ஷன் முழுதாகக் கிடைக்க இன்னும் நான்கு வருடம் பாக்கி.

அவருடைய கால் லேசில் அடங்கிய கால் இல்லை. முன் எலும்பு கத்தி மாதிரி நிற்கும். மூன்று வருடத்துக்கு முன் எட்டு சாக்கெட் செய்து எட்டும் தோலை உரித்தது. ஒன்பதாவதுதான் உட்கார்ந்தது. அந்த ஒன்பதாவதின் வடிவம் பெரியம்மாவிடம் இருந்தது. ஒரு மணி நேரத்தில் செதுக்கி, மறுநாள் அந்தக் கட்டையின் மேல் துணி சுற்றி ரெசின் பசை ஊற்றி, வெள்ளிக்கிழமை காலையில் மாட்டிவிடலாம். அக்கா சிரித்துக்கொண்டேதான் அந்த ஃபைலின் மேல் மவுஸை வைத்தார்.

திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. இந்தக் கணக்கு தனிநபர் பயிற்சிக்கானது என்றது. வணிக உபயோகம் தெரியவந்ததால் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்றது. பரிசீலனைக்குப் பத்து வேலை நாள் ஆகும் என்றது. அடியில் சின்ன எழுத்தில் சந்தா தொடங்கிய தேதியும் நேரமும் இருந்தன.

அண்ணன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். ஏதோ விளம்பரம் என்று நினைத்திருப்பார்.

"சந்தான்னு போட்டிருக்கு. யாரோட சந்தா?"

அக்கா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நீண்ட நாளாக எதிர்பார்த்திருந்த ஆள் வாசலுக்கு வந்துவிட்டது போல உட்கார்ந்திருந்தார்.

"என்னோடதுண்ணே. பெரியம்மா போய்ப் பதினோரு மாசம் ஆச்சு."

"அப்ப இத்தனை நாளா பொணத்துக்கா காவல் இருந்தோம்?" என்றார் சுண்ணாம்பு. வேடிக்கையாகச் சொல்ல நினைத்திருப்பார். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் கேட்டது ஒரு கேள்விதான். எப்படி நின்றது?

தூசி தட்டும்போது ஒயர் கையில் பட்டுக் கழன்றுவிட்டது என்றார் அக்கா. திரும்பப் போட்டால் மென்பொருள் திறக்கவில்லை. சொன்னால் அண்ணன் பட்டறையைப் பூட்டிவிடுவார் என்று பயந்து, தன் சம்பளத்திலிருந்து சந்தா கட்டியிருக்கிறார். பட்டறைச் சந்தா கட்டுப்படியாகாது. படிக்கிறவர்கள் பழகிப் பார்க்கக் கொடுக்கும் தனிநபர் சந்தாதான் கைக்கு எட்டியது. தொள்ளாயிரம் பேருடைய காலையும் அதில் ஏற்றிவிட்டார். புதுப் பதிப்பின் நிறம் வேறாக இருந்ததை அண்ணன் அப்போதே கவனித்திருக்கிறார். "பெரியம்மாவுக்குப் புதுப் புடவையா?" என்று அவர் கேட்டதும், அக்கா தலையாட்டியதும் எனக்கே ஞாபகம் இருக்கிறது.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் திரையின் அடியில் இருந்த தேதியைப் படித்தேன். எனக்குத் தெரிந்த தேதி அது. அதற்கு முந்தைய பகல் முழுக்க, எப்போதோ பாதியில் விட்ட கல்லூரியில் ஒவ்வொரு ஜன்னலாக நின்று என் சான்றிதழ்களைத் திருப்பி வாங்கிக்கொண்டிருந்தேன். தூங்காமல் காவலுக்கு வந்தேன். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தது வரைதான் ஞாபகம். காலையில் அக்கா தோளைத் தட்டி, "போ, வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்றார். யூ.பி.எஸ். கத்தி ஓய்ந்ததோ, கரண்ட் போய் வந்ததோ எனக்குத் தெரியாது.

தேதிக்குப் பக்கத்தில் நேரம் காலை 7.12 என்று இருந்தது. காலை ஏழு பன்னிரண்டுக்கு இந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஒயர் கழன்றது பொய். ராத்திரியே கரண்ட் போய், யூ.பி.எஸ். தீர்ந்து, பெரியம்மா அணைந்திருக்க வேண்டும். அவ்வளவு பக்கத்தில் நின்றும் அண்ணன் நேரத்தைப் படிக்கவில்லை. படித்த நான் வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் கத்தவில்லை. "உன்ன நம்பித்தானே விட்டேன்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அந்த மூன்று நாளில் அவர் பாப்பா என்று கூப்பிட்டு நான் கேட்கவில்லை.

சுண்ணாம்பு நர்ஸம்மாவின் மடியிலிருந்து பழைய சாக்கெட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குள் பிளாஸ்டர் ஊற்றி வடிவத்தை எடுக்க முடியுமா என்று பார்த்திருக்கிறார். விரிசல் ஒரு விரல் அகலம் வாய் பிளந்திருந்தது. இரண்டு நாள் உடம்பு எடையில் எல்லாப் பக்கமும் கோணியிருந்தது. இதில் ஊற்றினால் பழைய காலுக்குப் பதில் புதிதாக ஒரு தப்புதான் வரும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

நர்ஸம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எத்தனையோ குடும்பங்கள் வார்டில் சண்டை போடுவதைப் பார்த்த பெண் அவர்.

"தம்பி, உங்க வீட்டு விஷயம் எனக்கு வேணாம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நான் நடக்கணும். நடப்பேனா மாட்டேனா, அதை மட்டும் சொல்லுங்க. மாட்டேன்னா இப்பவே போய் எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன். அலைய வெக்காதீங்க."

அண்ணன் பட்டறையைப் பூட்டுவேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் கையில் சாவிகூட இருந்தது. அவர் நர்ஸம்மாவின் காலைப் பார்த்தார், அதாவது கால் இல்லாத இடத்தை. பிறகு போனை எடுத்தார்.

கம்பெனியில் பேசிய பெண் மிக மரியாதையாகப் பேசினாள். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். தான் இதை ஆயுளுக்கும் வாங்கியவன் என்றார். அலமாரியிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து, சான்றிதழைப் போனுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார், அந்தப் பெண் பார்க்கிற மாதிரி. ஆயுள் என்பது பொருளின் ஆயுள், அந்தப் பொருளின் ஆயுளைக் கம்பெனி நான்கு வருடத்துக்கு முன்பே முடித்துவிட்டது என்று அவள் விளக்கினாள். எங்கள் அளவு, எங்கள் ஆட்களின் கால், அந்த ஃபைல்களையாவது கொடுங்கள் என்றார். ஃபைல்கள் உங்களுடையவைதான் சார், திறக்கிற உரிமைதான் எங்களுடையது என்றாள். அவள் குரலில் கேலியே இல்லை. தினமும் இருபது பேரிடம் சொல்கிற வாக்கியம்.

உடனே திறக்க ஒரு வழி இருந்தது. பட்டறையின் பெயரில் மூன்று வருடச் சந்தா எடுக்க வேண்டும். நடுவில் நிறுத்த முடியாது. கூடவே ஓர் உறுதிமொழிப் படிவம். விதியை மீறியவர் யார் என்று பெயர் எழுத வேண்டும். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் அவரை மென்பொருளிலிருந்து விலக்க வேண்டும். அதன்பின் பதிவு செய்த ஒரே பயனாளர்தான் மென்பொருள் ஓடும் அறையில் இருக்கலாம். திரையின் மேல் உள்ள காமிரா அவ்வப்போது முகத்தை எண்ணும். இன்னொரு முகம் தெரிந்தால் மொத்தக் கணக்கும் மூடும். அறைக்குப் பூட்டு இருக்கிறதா, ஆம் அல்லது இல்லை என்றும் ஒரு கட்டம் இருந்தது.

படிவம் அண்ணனின் போனுக்கு வந்தது. மீறியவர் பெயர் என்ற இடத்தில் அண்ணன் நின்றுவிட்டார்.

"என் பேரை எழுதுண்ணே," என்றார் அக்கா. "யோசிக்கறதுக்கு என்ன இருக்கு?"

அண்ணன் ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். அக்காவின் முழுப்பெயரை எழுத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். அப்பா பெயரும் சேர்த்து எழுதச் சொன்னார்கள். அவருடைய அப்பாதான் இவருக்கும் அப்பா. அதையும் எழுதினார்.

அடுத்த கட்டம் பயனாளர் பெயர். அண்ணனுக்கு மவுஸ் பிடிக்கத் தெரியாது. சுண்ணாம்பு தன் கைகளைத் தூக்கிக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அக்கா என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"இவனுக்குத் தெரியும்ணே. ராத்திரி சும்மா உக்காந்திருக்க முடியாம எல்லாத்தையும் நோண்டிப் பழகியிருக்கான்."

அது உண்மை. விழித்திருந்த ராத்திரிகளில் பழகினேன்.

'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தை அண்ணன் அழுத்தியபோது மணி பதினொன்று இருக்கும். பத்து நிமிடத்தில் ஃபைல் திறந்தது. ஒன்பதாவது சாக்கெட்டின் வடிவம் திரையில் மெல்லச் சுழன்றது. அக்கா அதை மெஷினுக்கு அனுப்பினார். சனிக்கிழமை காலை பதினொன்று வரை அவருக்கு அனுமதி இருந்தது. அண்ணன் பெட்டியை அலமாரியில் வைக்கவில்லை. கையில் இடுக்கிக்கொண்டே தன் அறைக்குப் போனார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. நுரைக் கட்டை செதுக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தூள் பறந்து எல்லோர் தலையிலும் படிந்தது.

வியாழக்கிழமை ரெசின் மேசையில் நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். அவர் துணியைச் செதுக்கிய கட்டையின் மேல் இழுத்துவிட, நான் கீழ்ப்பக்கம் பிடித்துக்கொண்டேன். ரெசின் வாடை கண்ணைக் கரித்தது. சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணனிடம் சொல்வதற்கு முன் அக்காவிடம் சொல்லலாம் என்பது, யோசித்துப் பார்த்தால், சொல்லாமல் இருக்க நான் கண்டுபிடித்த வழி.

"அக்கா, அந்த ஏழு பன்னிரண்டு…"

"இழுத்துப் புடி. சுருக்கம் விழுது பாரு."

இழுத்துப் பிடித்தேன். சுருக்கம் போனதும் அவரே பேசினார். குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை.

"நீ போய்ச் சொல்லுவ. அண்ணன் உன்ன வெளிய அனுப்பும். படிவத்துல என் பேரு போயாச்சு, அதை யாரும் அழிக்கப்போறது இல்ல. அப்புறம் அந்த நாற்காலில யாரு உக்காருவா? சுண்ணாம்பா? மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கு அண்ணன். மெஷின் சும்மா கெடந்தாலும் கட்டணும்."

"தூங்கினது நான்தானே."

"ஆமா, நீதான். அதுக்கு என்ன இப்போ? உனக்கு மனசு லேசாகணும்னு இங்க இருக்கற எல்லாரும் நடுத்தெருவுக்கு வரணுமா?"

ஏன் என்னை அன்றைக்கு எழுப்பித் திட்டவில்லை, ஏன் காப்பாற்றினீர்கள் என்று கேட்டேன். காப்பாற்றவெல்லாம் இல்லை என்றார். எட்டு மணிக்கு அண்ணன் வந்துவிடுவார், உன்னைத் திட்டிக்கொண்டிருக்க நேரம் இல்லை, பிறகு சொல்லலாம் என்று தள்ளினேன், ஒரு மாதம் போனது, பிறகு சொல்வதற்கு வாய்ப்பே இல்லை என்றார். அவர் சொன்ன விதத்தில் அது தியாகமாகத் தெரியவில்லை. காய்கறி வாங்க மறந்ததைச் சொல்வது போல இருந்தது. அதனால்தான் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு நர்ஸம்மா வந்தார். புது சாக்கெட்டை மாட்டி எழுந்து நின்றார். எட்டுத் தடவை முகம் சுளித்தவர் இந்த முறை சுளிக்கவில்லை. பட்டறையின் நடுவில் போட்டிருக்கும் கம்பிகளுக்கு இடையில் போய் வந்தார். பிறகு கம்பியைத் தொடாமல் போய் வந்தார். அண்ணன் முழங்காலிட்டு உட்கார்ந்து பாதத்தின் கோணத்தை ஒரு திருகு திருத்தினார். "ம்," என்றார் நர்ஸம்மா. அவரிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு. மதியம் போன் செய்து, இரண்டு தடவை நடக்கச் சொன்னார்கள், நடந்துவிட்டேன், திங்கட்கிழமையிலிருந்து பழைய வார்டே என்றார். சுண்ணாம்பு எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். அண்ணன் தன் டீயை அறைக்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி காவல் இல்லை. யாரும் வரவேண்டாம் என்று சொல்லவும் இல்லை. நானாகவே புரிந்துகொண்டு வீட்டில் படுத்தேன். நான்கு வருடத்தில் முதல் முறையாக ராத்திரியில் வீட்டில் தூங்க முயன்றேன். வரவில்லை.

சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு நான் டிசைன் அறைக்குப் போனபோது அக்கா மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். ஒரு கண்ணாடிக் கூடு, தைலக் குப்பி, முதுகுக்கு வைத்துக்கொள்ளும் சின்னத் தலையணை. கதவுக்குப் புதுப் பூட்டு போட்டிருந்தார்கள். சாவி மேசையின் மேல், ரசீதோடு இருந்தது. அக்கா இனி வெளிக்கூடத்தில் தோல் வார் தைக்கும் மேசையில் உட்காரப் போகிறார். அண்ணன் அதைச் சுண்ணாம்பிடம் சொல்லி, சுண்ணாம்பு அக்காவிடம் சொல்லியிருக்கிறார். பத்தடி தூரம்தான். அறையின் கண்ணாடித் தடுப்பு வழியாக அவர் முதுகு தெரியும்.

திரையின் மேல் காமிராவின் பச்சைப் புள்ளி எரிய ஆரம்பித்திருந்தது. அக்கா குனிந்து அதற்குப் படாதபடி மேசையின் ஓரமாகவே நகர்ந்தார். திருட வந்தவர் மாதிரி இருந்தது, அவர் ஒன்பது வருடம் உட்கார்ந்த அறையில்.

"பழைய ஃபைல் திறக்கறப்ப நேரம் எடுக்கும்," என்றார். "பொறுமை இல்லாம ரெண்டு தடவ அழுத்திடாத. தொங்கிடும்."

சரி என்றேன்.

அண்ணன் தன் அறை வாசலில் வந்து நின்றார். இங்கே வரவில்லை. நான் நேராக அவரைப் பார்த்தேன். மூன்று சொல் போதும். அண்ணே, தூங்கினது நான்தான். நாக்கு வரை வந்தது. அக்கா தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து, வேண்டாம் என்பதாகக்கூடத் தலையாட்டவில்லை. மணியைப் பார்த்தார். பத்து ஐம்பத்தெட்டு.

"உக்காரு. காமிராவுல மூஞ்சிய எண்ண ஆரம்பிச்சிடுவான்."

அவர் வெளியே போனார். நான் கதவைச் சாத்தி, உள்பக்கத்திலிருந்து சாவியைப் போட்டு இரண்டு சுற்றுத் திருகினேன்.